நடைக்குப் பாதி வாரம்

மண்ணாங்கட்டி என்ற பெயரைக் கேட்டு மரக்காணத்தில் யாரும் சிரிப்பதில்லை. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. இதாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் அது. எமன் ஏமாந்தானோ என்னவோ, மண்ணாங்கட்டியை ஏமாற்றியவர் என்று ஊரில் யாரும் மார்தட்டிக்கொண்டதில்லை. ஐம்பது வயதில் அவருக்குக் குத்தகை உப்பளம் ஒன்று இருந்தது. அதைவிட முக்கியமாக, பெருமுக்கல்லிலிருந்து கிளியனூர் வரை பலர் வீட்டுக் கொட்டகையில் அவருடைய மாடுகள் நின்றன. அவர் வீட்டில் மட்டும் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது.

காரணம் எளிது. உப்பளத்தைச் சுற்றி மாடு மேயப் புல் முளைக்காது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே உப்பு விற்ற காசில் திண்டிவனம் சந்தையில் கிடாரிக் கன்றாக வாங்கி, உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் புல்லும் தண்ணீரும் உள்ள குடும்பங்களிடம் வாரத்துக்கு விட்டுவிடுவார். கன்று இவருடையது, தீனியும் பாடும் அவர்களுடையது, வளர்ந்த பிறகு மதிப்பில் ஆளுக்குப் பாதி. கையெழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. சந்தைத் தரகர் பக்தவச்சலம் நடுவில் நின்று "பாதி வாரம், கேட்டுக்கிட்டேன்" என்று சொன்னால் அதுதான் பத்திரம்.

வட்டிக்கு மட்டும் அவர் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. ஏதோ தர்ம சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். "கடன்னு குடுத்தா அவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டான், நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கணும். வாரத்துக்கு உட்டா ரெண்டு பேரும் மாட்டப் பாப்போம்" என்பார். அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

வாரத்தைப் பிரிப்பதற்கு அவர்களிடையே ஒரு முறை உண்டு. மாடு யார் கையில் இருக்கிறதோ அவர் முழு மாட்டுக்கும் ஒரு விலை சொல்ல வேண்டும். மற்றவர் ஒன்று அதில் பாதியைக் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் பாதியை வாங்கிக்கொண்டு மாட்டை விட்டுவிடலாம். அதனால் விலை சொல்பவர் கூட்டியும் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. கூட்டிச் சொன்னால் அந்தக் கூடுதலில் பாதி தன் மடியிலிருந்து போகும். குறைத்துச் சொன்னால் மாடே போகும். மண்ணாங்கட்டி எப்போதும் விலை கேட்கிற பக்கம். இளம் வயதில் ஒரு தடவை பெருமுக்கல்லில் ஒருவர் சந்தை விலையில் பாதிகூடச் சொல்லாமல் நின்றபோது, நமக்கு நல்ல நேரம் என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டுக்கு மடியில் நோய், பொங்கலுக்கு முன்பே செத்துப்போனது. கையில் வைத்திருப்பவன் குறைத்துச் சொன்னால் மாட்டில் கோளாறு என்று அன்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட மாட்டை அவர் தொட்டதே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் இரண்டாயிரத்து நான்காம் வருடம் கோடையில் கன்னியப்பன் கடன் கேட்டு வந்து நின்றார். கன்னியப்பனும் அவர் மனைவி ஞானாம்பாளும் மண்ணாங்கட்டியின் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். அளத்தை விட்டு மேற்கே தள்ளியிருந்த அவர்கள் வீட்டுக் கொட்டகையிலும் இவருடைய வாரத்து மாடு ஒன்று நின்றது. மகள் செந்தமிழ் அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தாள்.

"பொண்ணு மாவட்டத்துல பஸ்ட்டு வந்திருக்குதுணா. நடைல" என்றார் கன்னியப்பன்.

"எதுல?"

"நடைல. நடக்கிறது."

மண்ணாங்கட்டி காதைக் குடைந்துவிட்டு, "நடந்ததுக்கா கப்பு குடுத்தானுங்க?" என்று கேட்டார்.

"ஓடக் கூடாதாம். எப்பவும் ஒரு காலு தரையில இருக்கணுமாம். அப்பிடியே வேகமா நடக்கணும். இதுல பெருசா வந்தா ரயில்வேல வேலையே குடுக்கிறாங்களாம். பி.டி. மாஸ்டர் சொல்றாரு."

"அப்ப உன் பொண்டாட்டி இத்தினி வருசமா உப்புக் கூடையத் தூக்கிக்கினு வரப்புமேல நடக்கிறா. அவளுக்கு எத்தினி கப்பு குடுக்கிறது?"

கன்னியப்பன் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு கல்லூரி செந்தமிழுக்கு விளையாட்டு சீட்டு கொடுத்திருந்தது. ஃபீஸ் கிடையாது. ஆனால் ஹாஸ்டல் சாப்பாடு, முட்டை, பால், ஷூ, வெளியூர்ப் போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் கைக்காசு. நடைக்கான ஷூ ஒன்றின் விலையைக் கேட்டதும் மண்ணாங்கட்டி தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனார். செந்தமிழ் அங்கே நடந்துகொண்டிருந்தாள். இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டி, கையை மடக்கி வீசி, முழங்கால் மடங்காமல் அவள் போன போக்கைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. வண்டியை அவள் பக்கத்தில் விடலாம் என்று முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவள் ஓடவில்லை, நடக்கத்தான் செய்தாள், ஆனாலும் முறுக்கைத் தளர்த்தினால் வண்டி பின்தங்கியது. சந்தையில் நல்ல கன்றைப் பார்த்தால் அவருக்கு அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும், அது அன்றைக்கு வந்தது.

சாயந்திரம் பக்தவச்சலத்தைக் கூட்டிக்கொண்டு கன்னியப்பன் வீட்டுக்குப் போனார்.

"கடன் கெடையாது. வாரத்துக்கு எடுத்துக்கிறேன்."

ஞானாம்பாளுக்கு முகம் மாறிவிட்டது. "எம்பொண்ணு இன்னா மாடா மாமா?"

"பொண்ண யாரு கேட்டா? நடைய எடுத்துக்கிறேன். நடை உங்களுது, தீனி என்னுது. நடையால எது வந்தாலும் பாதி."

உள்ளே நின்ற செந்தமிழ், "தவிடு, புண்ணாக்குல்லாம் உண்டா பெரிப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், பக்தவச்சலம் மட்டும் சிரிக்கவில்லை. மாடென்றால் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லிவிடுவேன், இதில் எதைப் பிடித்துப் பார்ப்பது என்று முனகினார். பிறகு வழக்கம்போல "பாதி வாரம், கேட்டுக்கிட்டேன்" என்றார். எதுவரைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாட்டு வாரத்தில் அந்தக் கேள்வியே வராது. ஒருநாள் மாட்டை விற்றுவிடுவார்கள், கணக்கு தீர்ந்துவிடும். இத்தனை பேர் கூடி உட்கார்ந்து விட்ட பிழை அது.

அதுவரை பிறருக்கு மாடு விட்டே பழகிய மண்ணாங்கட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தீனி போடும் பக்கத்துக்கு வந்தார். அது எவ்வளவு தொல்லை பிடித்த பக்கம் என்று போகப்போகத்தான் தெரிந்தது. தன் மாட்டை வளர்ப்பவர்கள் எப்போது பார்த்தாலும் வைக்கோல் விலையைப் பற்றியே பேசுவது ஏன் என்று அவருக்கு அதுவரை விளங்கியதில்லை. இப்போது அவரே முட்டை விலையைப் பற்றி டீக்கடையில் பேசினார்.

கேழ்வரகு மாவு, வேர்க்கடலை, நாட்டுக்கோழி முட்டை என்று மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார். ஹாஸ்டல் வார்டன் அம்மாள், நீங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது உண்மையைச் சொல்வதாக நினைத்து, "நான் வாரக்காரன்மா" என்றார். அந்த அம்மாள் அதை வாராவாரம் வருகிறவர் என்று எடுத்துக்கொண்டு, அப்படியெல்லாம் வரக்கூடாது, மாதத்துக்கு ஒருமுறைதான் என்று கண்டித்து அனுப்பினாள். வாரம் என்றால் என்ன என்று செந்தமிழ் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். ஹாஸ்டலுக்குப் போனால் பாதம் கொப்பளித்திருக்கிறதா, நகம் பெயர்ந்திருக்கிறதா என்றுதான் இவர் முதலில் கேட்பார். "சாப்ட்டியான்னு கேளுங்க பெரிப்பா, அதுக்கப்பறம் காலப் பத்திக் கேளுங்க" என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த தடவை அந்த வரிசைப்படியே கேட்டார்.

ஒருமுறை மாநிலப் போட்டியைப் பார்க்கப் போனார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்த பெண்களில் செந்தமிழ் மூன்றாவதாக இருந்தாள். கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவளுக்கும் இவளுக்கும் கை நீட்டும் தூரம்தான். தன் பாதி கண்ணெதிரே பின்தங்குவதை மண்ணாங்கட்டியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து நின்று, "ஓடும்மா, ஓடு" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையோடு நின்ற நடுவரும் திரும்பிப் பார்த்தார். முன்னால் போனவளைத்தான் கடைசியில் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். அவள் காலிரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டதாம். செந்தமிழ் இரண்டாவதாக வந்தாள். "ஓடியிருந்தா நான் அவுட்டு பெரிப்பா" என்று அவள் சொன்னபோது, இப்படி ஒரு கிறுக்குத்தனமான ஆட்டத்திலா காசைக் கொட்டினோம் என்று அவருக்குத் திக்கென்றது.

அந்த வருடம் மார்கழியில் கடல் உள்ளே வந்தது. அனுமந்தைப் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பங்கள் ஆட்களைப் பறிகொடுத்தன. அவர்களுக்கு முன்னால் நின்று தன் நஷ்டத்தைச் சொல்ல மண்ணாங்கட்டிக்கு வாய் வரவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். மழைக்குப் பயந்து பனையோலை போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியல் கரைந்து போனது. பாத்தியெல்லாம் சேறு, வரப்பெல்லாம் உடைப்பு. அளத்தைச் சீர்படுத்த ஒரு மாட்டை விற்றார். பிறகு செந்தமிழின் ஹாஸ்டலுக்காக இன்னொன்று. வெளியூர்ப் போட்டிக்கு அவள் போக வேண்டிவந்தபோது மூன்றாவது. கன்னியப்பன் கொட்டகையில் நின்றதும் அந்த வருடம் போனது.

"மாட்ட வித்து நடைக்குத் தீனி போடறீங்க. இதுக்குப் பேரு இன்னாங்க?" என்று மண்ணாங்கட்டியின் மனைவி பாக்கியலட்சுமி கேட்டாள். அவளுக்கு அந்த வாரத்தில் ஆரம்பத்திலிருந்தே சம்மதம் இல்லை.

"வளர்ற மாட்டப் பாதில உட முடியுமா" என்றார். பாதியில் விட்டால் போட்டதெல்லாம் போச்சு என்பது ஒன்று. அதற்குள் அவரிடம் மிச்சம் இருந்த நம்பிக்கையே அந்த நடைதான் என்பது இன்னொன்று. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் செந்தமிழ் அகில இந்திய அளவில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாயிரத்து ஆறு கோடையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. சென்னையில் ஆபீஸ், காலையும் மாலையும் பயிற்சிக்கு அனுமதி. முதல் சம்பளம் வந்ததும் கன்னியப்பன் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, வெற்றிலை பாக்கோடு சரிபாதியை மண்ணாங்கட்டியிடம் நீட்டினார். அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

மண்ணாங்கட்டி அந்த மாதங்களில் இருந்த சந்தோஷத்தில் வேறு எப்போதும் இருந்ததில்லை. மாடு ஈனும், மலடாகும், சாகும். உப்பு மழையில் கரையும். இந்தச் சம்பளமோ பெண் ஓய்வு பெறும் வரைக்கும் வரும். நடுவில் ஏறவும் ஏறும். கூரையை எடுத்துவிட்டு மாடி போட்டால் எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் விசாரித்தார். பாக்கியலட்சுமியும் முதல்முறையாக, பரவாயில்லை என்றாள்.

ஆவணியில் செந்தமிழ் லீவு போட்டு ஊருக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்ததை டீக்கடையில் உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டி பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே அவள் பெற்றோரையும் பக்தவச்சலத்தையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக் கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

"வாரத்தப் பிரிச்சிடலாம் பெரிப்பா" என்றாள்.

மண்ணாங்கட்டிக்குச் சட்டென்று புரியவில்லை. "இப்பதான கறக்கவே ஆரம்பிச்சிருக்குது" என்றார்.

"பாதி சம்பளத்துல ரூம் வாடக போவுது. மீதியில பாதி வயித்துக்குத்தான் சாப்பிடறேன். வேல கெடச்சப்பறம் தீனி போடறத நீங்களும் நிறுத்திட்டீங்க. இப்பிடியே போனா ரெண்டு மாசத்துல எல்லாப் போட்டிலயும் கடைசியாத்தான் வருவேன்."

"வேல வந்தா தீனி உன்னுதுதான? நீ ரிட்டையர்டு ஆகுற வரைக்கும் பாதி வரும்னு நான் நெனச்சேன்."

"நான் கப்பு, பரிசுப் பணம் அதுக்குத்தான்னு நெனச்சேன்."

கன்னியப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன நினைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பக்தவச்சலம்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "மாடுன்னா சந்தைல வித்துப்புடலாம். சம்பளத்த எந்தச் சந்தைக்கு ஓட்டிக்கினு போறது? மொறன்னு ஒண்ணு இருக்குது, அதுப்படி பிரிச்சிக்கோங்க" என்றார்.

"சரி. தீனி போட்டவன் நாந்தான, நான் வெல சொல்றேன்" என்றார் மண்ணாங்கட்டி.

"யாரு கையில இருக்குதோ அவங்கதான சொல்லணும்? காலு எங்கிட்டதான இருக்குது" என்றாள் செந்தமிழ்.

பக்தவச்சலம் கொஞ்சம் யோசித்தார். அவள் சொல்வதுதான் முறை என்று தீர்ப்பும் சொன்னார். ஞானாம்பாள் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் சொல்லும் விலைக்கு மண்ணாங்கட்டி எடுத்துக்கொண்டால் முழுச் சம்பளமும் அவருக்கு. வாக்கு மாறவும் முடியாது. மாறினால் அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கன்று விடமாட்டார், அளத்தில் கூலி வேலை கொடுக்க மாட்டார். ஒரு வார்த்தையில் பெண்ணின் பிழைப்பே போய்விடும் என்று தாய்க்குத் தெரிந்தது. மகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"பதினாறாயிரம்" என்றாள் செந்தமிழ்.

ஒரு சினைமாட்டின் விலை அது. லட்சத்துக்குக் குறையாது என்று காத்திருந்த மண்ணாங்கட்டிக்குத் தன் காது மேல் சந்தேகம் வந்தது. பக்தவச்சலம் இன்னொருதடவை கேட்டார், அவள் அதையே மறுபடி சொன்னாள்.

எட்டாயிரத்தைக் கொடுத்தால் முழுச் சம்பளம். போட்ட எட்டாயிரம் இரண்டு மாதத்தில் திரும்பிவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம். மாடி வீடு, விற்ற மாடுகள், சேறு பிடித்த பாத்திகள் எல்லாம் ஒரே சொல்லில் திரும்பி வந்துவிடும். 'எடுத்துக்கிறேன்' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

பெருமுக்கல் மாடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையில் வைத்திருக்கிறவன் குறைத்துச் சொன்னால் மாட்டில் கோளாறு. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் சாய்ந்து சாய்ந்துதானே நடந்தாள். ரெண்டு மாசத்துல கடைசியா வருவேன் என்று அவள் வாயாலேயே சொன்னாளே. சாப்பாடாவது மண்ணாவது. முழங்கால் போய்விட்டது. நடை போனால் ரயில்வேக்காரன் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பானா, வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அப்புறம் கொடுத்த எட்டாயிரத்தோடு வைத்தியச் செலவும் தன் தலையில்தான் விழும். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் இந்தப் பெண் விற்றுத் தள்ளப் பார்க்கிறது. அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இருபது வயதுக்குள் என்ன சாமர்த்தியம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"உட்டுட்டேன்" என்றார்.

பிறகு பக்தவச்சலம், "உட்டுட்டாரு, கேட்டுக்கிட்டேன்" என்றார். சந்தையில் இத்தனை வருடம் நின்ற மனிதர், மாதம் தவறாமல் கறக்கிற உருப்படியை அவ்வளவு மலிவாகச் சொல்லியும் ஒருவர் விட்டுக்கொடுத்து அதுவரை பார்த்ததில்லை. செந்தமிழ் கைப்பையிலிருந்து எட்டாயிரம் இருந்த கவரை எடுத்து மண்ணாங்கட்டியிடம் கொடுத்தாள். ஞானாம்பாள் அவர் காலில் விழப்போனாள். "எழுந்திரு, எழுந்திரு" என்று அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் பாக்கியலட்சுமியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். "காலு போச்சுடி. தலைல கட்டப் பாத்தா. தப்பிச்சேன்." அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஊரில் வேறு பேச்சு ஓடியது. அதற்குப் பக்தவச்சலத்தின் வாய்தான் காரணம். லட்ச லட்சமாக வரவேண்டியதை ஒரு ஏழைப் பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தார், மனுஷன் என்றால் அவர்தான் என்று, கிளியனூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் கோயில் தர்மகர்த்தா ஆள் அனுப்பி விசாரித்தார். மண்ணாங்கட்டிக்கு உள்ளூரச் சிரிப்பாக வந்தது. புகழும் கிடைத்தது, நஷ்டத்திலிருந்தும் தப்பித்தாகிவிட்டது. இப்படி ஒரு நாள் எல்லோருக்கும் அமையாது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை செந்தமிழ் சென்னை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இவர் டீக்கடையிலிருந்து எழுந்து போனார். எவ்வளவு பெரிய கோளாறிலிருந்து தப்பித்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவள் வெறுங்காலோடு நின்றாள், செருப்பு கையில் இருந்தது.

"கால்ல இன்னாம்மா?"

"புதுச் செருப்பு பெரிப்பா. கடிச்சிடுச்சு. ரெண்டு நாளா நொண்டறேன்" என்று குதிகாலைக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"மொழங்காலு?"

"மொழங்காலுக்கு இன்னா? போன மாசம்தான் ஆபீஸ்ல எங்க எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க. நல்லா இருக்குதுன்னுட்டாரு டாக்டரு."

மண்ணாங்கட்டி அவள் குதிகாலைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பார்த்தார். இன்னொருதடவை, "நல்லா இருக்குதுன்னாரா?" என்று கேட்டார்.

"ஆமா பெரிப்பா. வாரம் பிரிச்சப்பறம்கூட காலப் பத்தியே கேக்கறீங்க" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடன் வாங்கியும் எங்கிட்ட எட்டாயிரம்தான் சேந்துச்சு. அதான் அந்த வெல சொன்னேன். அந்தாளு எடுத்துடுவாருடி, உன்ன மொத்தமா எடுத்துடுவாருன்னு அம்மா ஒரே அழுகை. எனக்குப் பயமே இல்ல. மூட்ட தூக்கிக்கினு ஹாஸ்டலுக்கு வந்த மனுசன் எடுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

மண்ணாங்கட்டிக்கு முதலில் வயிறு எரிந்தது. வாழ்நாள் முழுக்க வந்திருக்க வேண்டிய சம்பளம், ஒரு செருப்புக் கடியில் போனது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் வெட்கம் வந்தது, அது எரிச்சலைவிட மோசமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் என்னவாகும் என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"வேளைக்கு சாப்புடு" என்றார். அது ஒன்றுதான் அவரால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

பஸ் போனதும் டீக்கடைக்குத் திரும்பினார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து இடம் விட்டார்கள். கடைக்காரர் டம்ளரைத் துடைத்து, கேட்காமலே ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். காசுக்காக இவர் சட்டைப்பையில் கை விட்டபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்டயாணா காசு வாங்குவேன்? குடிங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி அந்த டீயைக் குடிக்கத்தான் வேண்டியிருந்தது.